கார்புரேட்டரைச் சரிசெய்து தந்த அண்ணனுக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்ட அந்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. என் பழைய காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகள் என்ற சின்னத் துளைகளைச் சுத்தம் செய்து, கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் போட்ட பிறகும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) நிலையாக இல்லை. நீங்கள் வந்ததும், பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. முதலில் ஃப்ளோட் லெவலை, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் உயரத்தை, அளந்தீர்கள். அப்புறம் காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் த்ராட்டில் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்து, "தேய்ந்த இடம் வழியாகக் காற்று உள்ளே போகிறது, இதைச் சரிசெய்யாமல் எந்த ட்யூனிங்கும் நிற்காது" என்றீர்கள். எவ்வளவு சரியான கணிப்பு! அந்த ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷை மாற்றியபின், இன்ஜின் நன்றாகச் சூடானதும், மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பலுக்கும் இன்ஜின் வேகம் நிலைக்கும்வரை காத்திருக்கச் சொன்னீர்கள். அந்தக் காத்திருப்பை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திணறலே இல்லை. இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா, நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும்.