‘நார்மல்’ என்று எழுதிய பிறகும் வலிக்கிறது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறையில் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கும், புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

எனக்கு 23 வயது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் தொடங்கிய வலி ஆறு ஆண்டுகளாகியும் என்னை விட்டுப் போகவில்லை. இடையில் தொடைக்கும் தோள்பட்டைக்கும் பரவிவிட்டது. சில வாரங்கள் தணிந்திருக்கும். சில நாள்களில் பாயிலிருந்து எழுந்து உட்காரவே கால் மணி நேரம் பிடிக்கும். இதுவரை எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரேக்கள், ஸ்கேன் தாள்கள் எல்லாவற்றையும் அம்மா ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறார். சுருட்டிச் சுருட்டி வைத்த எக்ஸ்ரே படங்கள் இப்போதெல்லாம் மருத்துவரின் மேசையில் விரித்தாலும் தாமாகவே சுருண்டுகொள்கின்றன. தாள்கள் அத்தனையிலும் கடைசி வரி ஒன்றுதான்: நார்மல்.

அந்தச் சொல்லைக் கேட்டு முதல் இரண்டு முறை வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து நானும் நிம்மதியடைந்தேன். மூன்றாம் முறை கேட்டபோது வெளியே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டார். இருக்கிற வலியை இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அழுதேன் என்பதை அவருக்கு விளக்க அன்று எனக்கு வாய் வரவில்லை.

“இந்த வயதில் என்ன வலி”, “போனைக் குனிந்து பார்ப்பதைக் குறை”, “சத்துப் போதவில்லை”, “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொன்ன எவரையும் நான் கெட்டவராக நினைக்கவில்லை. ஆனால் எந்த நேரத்தில் கூடுகிறது, நடந்தால் குறைகிறதா, தூக்கத்தில் எழுப்புகிறதா என்று ஒரு முதியவரிடம் பொறுமையாகக் கேட்கும் கேள்விகள், என் வயதைப் பார்த்ததுமே கேட்கப்படாமல் போய்விடுகின்றன. மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தில் நான் உட்கார்ந்திருந்தால், ஏறுகிற அம்மாக்கள் “வயசுப் பொண்ணுதானே, எந்திரிச்சுக்கம்மா” என்பார்கள். எழுந்துவிடுவேன். அவர்கள் முட்டிவலியை அவர்கள் வயது சொல்லிவிடுகிறது. என் வலியைச் சொல்ல என் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை.

வலியைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது காகிதம். பட்டப்படிப்பு முடித்து ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டதை அறிவேன். எங்கள் தளத்திலும் இரண்டு ஸ்டூல்கள் இருந்தன. நான் அடிக்கடி உட்காருவதைப் பார்த்த மேற்பார்வையாளர், உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார். மருத்துவரிடம் போனேன். எல்லாம் நார்மலாக இருக்கும்போது என்னவென்று எழுதுவது என்று அவர் கேட்டார். அவரவர் இடத்தில் இருவர் சொன்னதும் நியாயமே. இருவருக்கும் இடையில் சிக்கி நான் அந்த வேலையை விட்டேன். கல்லூரியிலும் இதே கதைதான்: 75 விழுக்காடு வருகைப் பதிவு குறைந்தபோது, பெயருள்ள காய்ச்சலுக்குக் கிடைத்த சலுகை பெயரில்லாத வலிக்குக் கிடைக்கவில்லை.

பரிசோதனையில் தெரியாதது உடம்பில் இல்லை என்று மருத்துவ அறிவியல் சொல்லவில்லை. முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோயான அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்குகிறது. ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் முதுகுவலிதான் அதன் அறிகுறி என்றாலும், எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். எனக்கு அது இல்லை என்று எம்ஆர்ஐ எடுத்துச் சொன்னார்கள். ஆனால் அதைத் தேடிப் பார்க்கவே ஐந்தாம் ஆண்டு ஆகிவிட்டது. கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; வழக்கமான ஸ்கேனில் அது தென்படாமல் போவதுண்டு. உடம்பெங்கும் வலியும் சோர்வும் தரும் ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையே கிடையாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டறிய வேண்டும். இவை எதிலும் அடங்காமல் வலி மட்டுமே நோயாக நிற்பதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு அதில் எம்ஜி30 என்று தனிக் குறியீடே இருக்கிறது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்று, வலி பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய தன் விளக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவும் இருக்கையில் என் ஓ.பி. சீட்டில் மட்டும் ஏன் என் வலி இல்லை?

ஊனமுற்றோர் சான்றிதழை நான் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் நீடித்த வலி இல்லை. அது வேறொரு பெரிய விவாதம். நான் கேட்பது சீட்டில் ஒரே ஒரு வரி: “நீடித்த வலி உள்ளது, காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை, தொடர்ந்து பார்க்கப்பட வேண்டும்.” இந்த வரி இருந்தால் அடுத்த மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மூட்டு நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி பிரிவுக்கோ வலி மருத்துவப் பிரிவுக்கோ அனுப்புவதற்கு ஒரு பிடி கிடைக்கும், கல்லூரியிலும் கடையிலும் நீட்ட ஒரு தாள் இருக்கும். இல்லாவிட்டால் நடப்பதும் எனக்குத் தெரியும். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வலி மாத்திரை வாங்கி இரண்டு ஆண்டுகள் விழுங்கினேன். வயிறு புண்ணான பிறகுதான் நிறுத்தினேன். சிறுநீரகத்தையும் அது கெடுக்கக்கூடும் என்று பிறகுதான் அறிந்தேன்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் பாட்டிக்காக வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், நான் சுவரைப் பிடித்து எழுவதைக் கவனித்துவிட்டார். பாட்டிக்குப் பயிற்சி சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, “உனக்கு எங்கேம்மா வலிக்குது?” என்று கேட்டார். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தும் பயிற்சியை அவர்தான் கற்றுத்தந்தார், இன்றும் செய்கிறேன், வலி போகவில்லை, தாங்கும் தெம்பு கூடியிருக்கிறது. அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் ஓ.பி. அறைகளிலும் எதிர்பார்க்கிறேன். ஒரு நாளில் அங்கே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நானும் நின்று பார்த்தவள். மருத்துவருக்கு என்னோடு பேச அரை மணி நேரம் இருக்காது. ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் மருத்துவமனைக்குப் போகிறேன். அம்மா பையை எடுத்து வைத்துவிட்டார். இம்முறை மாத்திரை எழுதிய பிறகு, அந்த ஒரு வரியையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்கப்போகிறேன். அப்படி எழுதலாம், எழுத வேண்டும் என்று துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் அவருக்கும் தயக்கம் இருக்காது. எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளும் அதைக் கேட்டுப் பெற வேண்டியிராது.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்டத்திலிருந்து ஓர் இளம்பெண்