சார்ஜர் வெடிச்சா யார் பொறுப்புன்னு சட்டம் சொல்லுது, எது பாதுகாப்பில்லாத பொருள்னு மட்டும் சொல்லல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சார்ஜர் வெடிச்சுது, குக்கர் வெடிச்சுது, வண்டி பேட்டரி தீப்பிடிச்சுதுன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, கடைசி வரி எப்பவும் "போலீசார் விசாரித்து வருகின்றனர்"னு முடிஞ்சிடுது. அந்த சாமானை யார் செஞ்சது, அதுல தர முத்திரை இருந்துச்சா, பாதிக்கப்பட்ட குடும்பம் யார்கிட்ட நஷ்டஈடு கேக்கலாம், இதெல்லாம் ஒரு வரி கூட வர்றதில்ல. நான் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் ரிப்பேர் பண்ற கடை வச்சிருக்கேன். வக்கீல் இல்ல. ஆனாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ உக்காந்து முழுசா படிச்சேன், ஏன்னா அந்த சட்டத்துக்குள்ள நானும் இருக்கேன்.

2-வது பிரிவுலதான் எல்லா விளக்கமும் இருக்கு, எந்த சொல்லுக்கு சட்டத்துல என்ன அர்த்தம்னு. அதுல 2(37)-ல "பொருள் விற்பவர்"ன்னு ஒரு விளக்கம். சாமானை வித்தவர் மட்டும்னு நினைச்சுடாதீங்க, இறக்குமதி பண்றவர், வினியோகம் பண்றவர், வாடகைக்கு விடறவர், வீட்ல வந்து மாட்டிக் குடுக்கறவர், பேக் பண்றவர், லேபிள் ஒட்றவர், ரிப்பேர் பண்றவர், பராமரிக்கிறவர்னு எல்லாரையும் அதுல கொண்டுவந்து வச்சிருக்காங்க. அப்போ மூணு பின் வயர் வந்த அயர்ன் பாக்ஸுக்கு நான் எர்த் வயரை வெட்டிட்டு ரெண்டு பின் பிளக் போட்டுக் குடுத்து, அதுல ஒருத்தருக்கு ஷாக் அடிச்சா நான்தான் பதில் சொல்லணும். 85-வது பிரிவு சர்வீஸ் பண்றவங்களுக்குன்னே தனியா இருக்கு. எங்க தொழில்ல சில பேருக்கு இது கசக்கும், ஆனா இது நியாயம்னுதான் நான் சொல்வேன், எர்த் வயர் சும்மா அழகுக்கு வச்சதில்ல.

அடுத்தது 2(36), தயாரிப்பாளர் யாருன்னு. தானே ஃபேக்டரி வச்சு செய்யறவர் மட்டும் இல்ல, அடுத்தவர் செஞ்ச பாகங்களை வாங்கி சேத்து பூட்றவரும் தயாரிப்பாளர்தான், அடுத்தவர் செஞ்ச சாமான்ல தன்னோட பேரையோ முத்திரையையோ போட்டு விக்கிறவரும் தயாரிப்பாளர்தான். இது எவ்ளோ பெரிய விஷயம்னு கடையில திருப்புளி பிடிக்கிற எங்களுக்குத் தெரியும். மூணு வேற வேற பேர்ல வர்ற அடாப்டரைத் தொறந்தா உள்ள ஒரே போர்டு, ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே மாதிரி சால்டரிங். மேல இருக்கிற பேர் மட்டும்தான் மாறும். பிரச்சனைன்னு போனா "நாங்க செய்யல சார், வெளியில வாங்கி எங்க பேர் போட்டு விக்கிறோம்"னு சொல்வாங்க. சட்டப்படி அந்த பேச்சு செல்லாது, பேர் போட்ட அன்னைக்கே அவங்க தயாரிப்பாளர் ஆயிட்டாங்க. சரி, பேரே இல்லாத சாமானா இருந்தா? அதுக்கு 86-வது பிரிவுல வழி இருக்கு, தயாரிச்சவர் யாருன்னே தெரியலன்னாலும், தெரிஞ்சும் அவருக்கு நோட்டீஸ் குடுக்க முடியலன்னாலும், அவர் நம்ம நாட்டு சட்டத்துக்குக் கட்டுப்படாத ஆளா இருந்தாலும், வித்தவர் மேலயே நஷ்டஈடு கேஸ் போடலாம்.

எங்க கடைக்கு வர்ற ஒரு அக்கா வீட்ல ராத்திரி சார்ஜர் வெடிச்சு மெத்தையும் ஜன்னல் திரையும் எரிஞ்சுபோச்சு, அவங்க பையனுக்கு கையில தீக்காயம். வாங்கின கடையில போய் கேட்டா "பில் உங்க பேர்ல இல்லையேம்மா"ன்னு சொல்லிருக்காங்க, சார்ஜர் வாங்கினது அவங்க தம்பி. அப்புறம் பாவம் பாக்கற மாதிரி புது சார்ஜர் ஒண்ணு குடுத்து "மாத்திக் குடுத்தாச்சு, அவ்ளோதான்"னு அனுப்பிட்டாங்க, அக்காவும் வாங்கிட்டு வந்துட்டாங்க. இந்த ரெண்டு பேச்சும் சட்டத்துக்கு முன்னாடி நிக்காது. 2(7)-ல நுகர்வோர்னா காசு குடுத்து வாங்கினவர் மட்டும் இல்ல, அவரோட சம்மதத்தோட அந்த பொருளைப் பயன்படுத்தறவரும் நுகர்வோர்தான். தம்பி வாங்கிக் குடுத்த சார்ஜரை அக்கா வீட்ல போட்டா அக்காவும் நுகர்வோர், பையன் மைனரா இருந்தா அவனுக்காக அம்மா அப்பா புகார் குடுக்கலாம். ஆன்லைன்ல வாங்கினாலும் அதேதான். தொழிலுக்கு வாங்கினா நுகர்வோர் இல்லன்னு இருக்கு, ஆனா அதுலயும் சொந்தமா உழைச்சுப் பிழைக்கிறதுக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினா விதிவிலக்கு உண்டு. வீட்ல டெய்லரிங் பண்ற பொண்ணு அந்த வேலைக்குன்னு வாங்கின தையல் மெஷின் மோட்டார் எரிஞ்சாலும் அவங்க நுகர்வோர்தான், தைரியமா போகலாம்.

இப்ப அந்த "மாத்திக் குடுத்தாச்சு" பேச்சுக்கு வருவோம். 2(22)-ல "தீங்கு"ன்னா என்னன்னு எழுதிருக்காங்க. உடம்புக்கு வந்த காயம், நோய், சாவு, அந்த பொருளைத் தவிர மத்த சொத்துக்கு வந்த சேதம், அதனால வந்த மன உளைச்சல், இதெல்லாம் தீங்கு. அந்த பொருளுக்கே வந்த சேதம் இதுல சேராது. அதாவது எரிஞ்ச சார்ஜர் இந்த கணக்குலயே வராது, எரிஞ்ச மெத்தையும் திரையும் வரும், பையனோட கையும் ஆஸ்பத்திரி செலவும் அந்த குடும்பம் தூக்கமில்லாம கிடந்த ராத்திரியும் வரும். கடைக்காரங்க குடுத்தது எந்த கணக்குல வரலையோ அதை மட்டும்தான்! சட்டம் நஷ்டஈடு கேக்கச் சொல்றதெல்லாம் அப்படியே பாக்கி நிக்குது. இதை அந்த அக்காகிட்ட சொன்னப்போ அவங்க முகத்துல வந்த கோவத்தை பாத்துட்டுதான் இந்த லெட்டரே எழுத உக்காந்தேன், நம்ம ஜனங்க எத்தனை பேர் இப்படி ஒரு புது சார்ஜரோட திருப்பி அனுப்பப்பட்டிருப்பாங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சட்டத்துல நல்லாவே இருக்கு, மக்களுக்குத் தெரியலங்கறதுதான் குறை. இனிமே சொல்றது சட்டத்துலயே இருக்கிற குறை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையில வந்துச்சு. ஆபத்தான, அபாயகரமான, பாதுகாப்பில்லாத பொருட்களைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு போட அதுக்கு 20-வது பிரிவுல அதிகாரம் குடுத்திருக்காங்க. ரொம்ப நல்லது. ஆனா பாதுகாப்பில்லாததுன்னா என்ன? 2-வது பிரிவை மேலேர்ந்து கீழ வரைக்கும் தேடிப் பாருங்க, கிடைக்காது. குறைபாடுக்கு விளக்கம் இருக்கு, போலிப் பொருளுக்கு இருக்கு, தவறான விளம்பரத்துக்கு இருக்கு, சேவைக் குறைபாடுக்கு இருக்கு, ஒரு பொருளை மார்க்கெட்டை விட்டே எடுக்கணும்னா எந்த சொல் மேல நிக்கணுமோ அந்த சொல்லுக்கு மட்டும் இல்ல.

இப்படி விளக்கம் எழுதவே முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது, ஏன்னா நம்ம நாட்லயே சாப்பாட்டுக்கு எழுதிருக்காங்க. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல "பாதுகாப்பற்ற உணவு"ன்னா என்னன்னு ஒரு நீளமான பட்டியலே இருக்கு, அழுகினது, புழு பூச்சி விழுந்தது, விஷப்பொருள் சேந்தது, அனுமதி இல்லாததைக் கலந்ததுன்னு ஒவ்வொண்ணா. தரம் குறைஞ்ச உணவு வேற, பாதுகாப்பற்ற உணவு வேறன்னு பிரிச்சே வச்சிருக்காங்க, தண்டனையும் அதே மாதிரிதான், தரம் குறைஞ்சா 5 லட்சம் வரைக்கும் அபராதம், பாதுகாப்பற்ற உணவால உயிர் போச்சுன்னா ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருக்கிற தெளிவு, 230 வோல்ட் பாயற சாமானுக்கு ஏன் இல்ல?

விளக்கம் இல்லாததால நடைமுறையில என்ன ஆகுதுன்னா, கட்டாய தர முத்திரை இருக்கா இல்லையாங்கறதுதான் அளவுகோல் ஆயிடுது. 2022 ஆகஸ்ட்ல தரக்கட்டுப்பாடு ஆணையை மீறின பிரஷர் குக்கர்களை வித்ததுக்காக ஒரு பெரிய ஆன்லைன் தளத்துக்கு ஆணையம் 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, வித்த 2,265 குக்கரையும் திரும்ப எடுத்து வாங்கினவங்களுக்கு பணத்தைக் குடுக்கச் சொல்லுச்சு. நல்ல உத்தரவு. குக்கருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம்னு 2021 பிப்ரவரியிலேர்ந்து ஆணை இருந்ததாலதான் அது சுலபமா நடந்துச்சு. பொம்மைக்கும் 2021 ஜனவரியிலேர்ந்து அப்படி ஒரு ஆணை இருக்கு. ஆனா எந்த ஆணையும் இல்லாத சாமான் எத்தனையோ இருக்கே, புதுசு புதுசா வந்துட்டே இருக்கே, அதுல ஒண்ணு நாலு வீட்ல தீப்பிடிச்சா எதை வச்சு பாதுகாப்பில்லாததுன்னு முடிவு பண்ணுவாங்க?

முத்திரை போட்டு வர்ற சார்ஜர்லயே நான் பாக்கறதை சொல்றேன். ஒழுங்கா செஞ்ச சார்ஜரைத் தொறந்தா கரண்ட் உள்ள வர்ற பக்கத்துக்கும் போனுக்குப் போற பக்கத்துக்கும் நடுவுல போர்டுல நல்ல இடைவெளி விட்டிருப்பாங்க, சில போர்டுல அந்த இடத்துல பள்ளமே வெட்டிருப்பாங்க, உள்ள ஃபியூஸ் இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர்ல மஞ்சள் டேப் சுத்து சுத்தா இருக்கும். மட்டமான சார்ஜர்ல ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கம்பித் துண்டை வச்சு சால்டர் பண்ணிருப்பாங்க, ரெண்டு பக்கத்து கோடும் நூல் இடைவெளியில ஓடும், டேப் பேருக்கு ஒரு சுத்து. வெளியில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், தர முத்திரையும் நம்பரும் கூட அச்சடிச்சிருப்பாங்க. அந்த நம்பர் உண்மையான்னு இந்த முத்திரையைக் குடுக்கிற இந்திய தர நிர்ணய அமைப்போட (பிஐஎஸ்) "பிஐஎஸ் கேர்" ஆப்ல போட்டுப் பாக்கலாம், இதையும் உங்க பேப்பர்ல போட்டா புண்ணியமா போகும்.

இன்னொரு ஓட்டை 87-வது பிரிவுல இருக்கு. விபத்து நடந்த நேரத்துல பொருளைத் தவறா பயன்படுத்தியிருந்தா, இல்ல மாத்தி அமைச்சிருந்தா, வித்தவர் மேல கேஸ் போட முடியாது. சரிதான். ஆனா தவறான பயன்பாடுன்னா என்னன்னு விளக்கம் இல்ல. ரெண்டு வயசு குழந்தை பொம்மையை வாயில வைக்கும், திருகு ஆணி இல்லாத பேட்டரி மூடியை நகத்தால நெம்பித் தொறக்கும், உள்ள இருக்கிற பட்டன் பேட்டரியை முழுங்கும், முழுங்கினா சில மணி நேரத்துலயே உணவுக்குழாயை அரிச்சிடும். இது தவறான பயன்பாடா? குழந்தைன்னா அப்படித்தான் செய்யும்னு பொம்மை செய்யறவனுக்குத் தெரியாதா? ஐரோப்பாவுல 2001-லயே பாதுகாப்பான பொருளுக்கு விளக்கம் எழுதினப்போ, வழக்கமா எப்படி பயன்படுத்துவாங்கங்கறதோட, இப்படியும் பயன்படுத்துவாங்கன்னு நியாயமா எதிர்பார்க்கக்கூடிய விதத்தையும் சேத்தே எழுதினாங்க, குழந்தைங்களையும் வயசானவங்களையும் தனியா குறிப்பிட்டாங்க. 2024 டிசம்பர்லேர்ந்து அங்க புது விதி நடைமுறைக்கு வந்துருக்கு, அதுலயும் இந்த கருத்தை விடல. நம்ம சட்டத்துலயும் இந்த ஒரு வரி வந்தா போதும், "நீங்கதான் ஒழுங்கா யூஸ் பண்ணல"ங்கற பழைய பல்லவி பாதி அடங்கிடும்.

அதே 87-ல, எல்லாருக்கும் தெரிஞ்ச ஆபத்தைப் பத்தி எச்சரிக்கலன்னு தயாரிப்பாளர் மேல குத்தம் சொல்ல முடியாதுன்னும் இருக்கு. வாட்டர் ஹீட்டர் ராடை ஆன்ல வச்சுட்டே பக்கெட்ல கைவிட்டு சூடு பாக்கறது எவ்ளோ வீட்ல நடக்குது தெரியுமா, செத்தும் போயிருக்காங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்ச ஆபத்துன்னு கம்பெனி வக்கீல் சொன்னா என்ன பதில் சொல்றது? 84-வது பிரிவுல போதுமான எச்சரிக்கை தரலன்னா தயாரிப்பாளர் பொறுப்புன்னு இருக்கு, ஆனா போதுமானதுன்னா எது? கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு மூலையில போட்டா போதுமானதா? விக்கிற ஊர்ல பேசற பாஷையில, ராடோட கைப்பிடியிலயே "ஸ்விட்ச் ஆஃப் பண்ணாம தண்ணியத் தொடாதே"ன்னு எழுதினாதான் அது போதுமான எச்சரிக்கை, இது என் கருத்து, எத்தனை கம்பெனி ஒத்துக்கலன்னாலும் இதைத்தான் சொல்வேன்.

அதனால நான் கேக்கறது ரெண்டுதான். நம்ம எம்பிக்கள் பார்லிமென்ட்ல இந்த சட்டத்துக்குத் திருத்தம் கேக்கணும், பாதுகாப்பில்லாத பொருள்னா என்ன, தவறான பயன்பாடுன்னா என்னன்னு 2-வது பிரிவுல எழுதச் சொல்லணும். இன்னொண்ணு உங்ககிட்ட. அடுத்த தடவை ஒரு வீட்ல ஏதாவது வெடிச்சா, தயாரிச்சவர் யாரு, வித்தவர் யாரு, முத்திரை நம்பர் உண்மையான்னு உங்க நிருபர் ஒரு கேள்வி கேட்டு எழுதட்டும், அதுக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் போட்டு, பில் வேற பேர்ல இருந்தாலும் புகார் குடுக்கலாம், எரிஞ்ச சாமானைத் தூக்கிப் போடாதீங்க, கடைக்கும் திருப்பிக் குடுத்துடாதீங்க, லேப்ல சோதிக்க அது வேணும், 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடணும், சந்தேகம்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணுங்கன்னு போடுங்க. அந்த அக்கா புது சார்ஜரை வாங்கிட்டு பழசைக் கடையிலயே குடுத்துட்டு வந்துட்டாங்க, இப்ப கேஸ் போடலாம்னு பாத்தா கையில சாட்சின்னு இருக்கிறது எரிஞ்ச மெத்தையோட போட்டோவும் ஆஸ்பத்திரி சீட்டும்தான், அதை வச்சு எழுதிக்கிட்டு இருக்கோம்.

இப்படிக்கு,
எலக்ட்ரிகல் ரிப்பேர் கடை நடத்தும் ஒரு வாசகன்