ஏரிக்கு மத்தியானத்தில் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்

திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஈரநிலச் செடிகொடிகளையும் பறவைகளையும் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும் என்று வடுவூர் ஏரிக்கும் கோடியக்கரைக்கும் சுற்றுலா ஏற்பாடு செய்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பெரிய கோயில், வடுவூர், மன்னார்குடி, முத்துப்பேட்டை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கினால் ஏரிக்கரைக்கு வந்து சேர்வது உச்சி வெயிலில்தான். போன தை மாதம் என் மகளின் பள்ளிப் பேருந்தில் துணைக்குப் போயிருந்தேன். நடு ஏரியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. "கொக்கு" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு குழுப் படம், தயிர்சாதம், கிளம்பியாயிற்று.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாளுக்கு ஒரு இடம், அதுவும் காலை ஏழு மணிக்குள். மார்கழி, தை மாதங்களில் போனால் மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஏரியில் நிற்கும். வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் இருக்கும். வெயில் ஏறிவிட்டால் பாதிப் பறவைகள் நிழலில் ஒதுங்கிவிடும்.

ஏழு மணிக்கு அப்படி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது. பாக்குவெட்டி மாதிரி நத்தையை உடைக்கத்தான் அந்த இடைவெளி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நாரை நத்தையின் ஓட்டை உடைப்பதே அரிது. கீழ் அலகின் நுனியை நத்தை ஓட்டின் வாய்மூடிக்குள் நுழைத்துச் சதையை அறுத்து வெளியே இழுத்துவிடும். நாரை மேய்ந்த வரப்போரம் உடையாத வெறும் ஓடுகள் கிடக்கும். பிள்ளைகள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கட்டும். அரை மணி நேரம் ஒரே நாரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், பாடத்தில் பத்து பக்கம் மிச்சம். பேருந்து ஹாரன் அடித்தால் இது நடக்காது.

முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கும் இதே கதைதான். கோரையாறும் பாமணியாறும் கடலைத் தொடும் இடம் அது. வனத்துறை அனுமதி வாங்கிப் படகில் போகவேண்டும். அவசரத்துக்குத் தோதான இடமில்லை. சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்து நிற்கும் மூச்சுவேர்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அலையாத்தி இலை உப்பை வெளியே தள்ளும்; இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டை என்ன செய்தது என்று படகோட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பணமில்லை, பேருந்தில்லை என்றால் அப்புறம் ஊர்க்குளம் இருக்கவே இருக்கிறது. சொல்லப்போனால் அங்கேதான் முதலில் போகவேண்டும். அல்லி இலைமேல் நடக்கும் இலைக்கோழி, கோரைக்குள் நுழையும் தாழைக்கோழி, கரையோரம் ஆரைக்கீரையும் வல்லாரையும். விரால் குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாக மேலே வரும். கீழே தாய் தகப்பன் காவல் காக்கும். இதெல்லாம் வலை போடும் வீட்டுப் பையனுக்கு ஆசிரியரைவிட நன்றாகவே தெரியும். அன்றைக்கு அவனையே பேசவிடுங்கள். கணக்கில் தடுமாறுகிற பிள்ளை வகுப்புக்கே பாடம் நடத்தட்டுமே! ஆகாயத்தாமரையின் ஊதாப் பூவைப் பார்த்ததும் பறிக்க ஓடுவார்கள், தடுக்காதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருக்கும் செடி அது. கரையில் எட்டுகிற மட்டும் பிடுங்கிப் போடட்டும்.

உங்கள் பயமும் நியாயமானதுதான். தண்ணீர், பாம்பு, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை, ஏதாவது நடந்தால் பதில் சொல்லவேண்டியது நீங்கள். அதனால்தான் மொத்தப் பள்ளியையும் கிளப்ப வேண்டாம் என்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு வகுப்பு, பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே ஒரு ஆசிரியை போய்ப் பார்த்து வந்துவிடலாம். பைனாகுலர் பள்ளிக்கு இரண்டு இருந்தாலே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம், பச்சையோ காக்கியோ போதும். கட்டுரை எழுதி வரச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. பார்த்ததில் ஒன்றை வரைந்து வரட்டும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைத்து, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள். காலைச் சாப்பாட்டைப் பெற்றோர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இட்லியும் மிளகாய்ப்பொடியும், பிளாஸ்டிக் இல்லாமல் வாழையிலையில் கட்டி.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா,
மன்னார்குடி வட்டம்.