ஒரே துவக்குத்தான் வாங்குவதென்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலையுதிர்கால வேட்டைப் பருவத்தை முன்னிட்டுத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, புதிதாக உரிமம் பெற்ற நம்மவர்கள் பல துவக்குகளில் பணத்தைக் கொட்டாமல் எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒன்றை வாங்கினால் போதும் என்று சொல்லியிருந்தது. அதுவரை எனக்கும் உடன்பாடே. ஆனால் அந்த ஒன்று .30-06 றைபிளாக (பெரிய விலங்குகளுக்கான, ஒற்றைக் குண்டு சுடும் துவக்கு) இருக்கட்டும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பது, ஒன்ராறியோவின் தெற்கில் வாழும் நம்மில் பெரும்பாலானோருக்குப் பொருந்தாத அறிவுரை என்பதால் இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணிநேரம் கார் ஓட்டிச் சென்று நாம் தேடுபவை எவை? முயல், கிரவுஸ் என்ற காட்டுக்கோழி, வாத்து, கனடா வாத்து, வசந்தத்தில் வான்கோழி, கார்த்திகையில் வெள்ளைவால் மான். வாத்தையும் வான்கோழியையும் றைபிளால் சுடச் சட்டம் இடமளிப்பதில்லை. முயலை .30-06இனால் சுட்டால் சட்டியில் போட எதுவும் மிஞ்சாது. மானுக்காவது உதவுமே என்றால், தெற்கிலுள்ள பல வனவிலங்கு முகாமைத்துவப் பிரிவுகளில் மான் பருவத்தில் சிறு மணிகளான சன்னங்களையோ ஒற்றைக் குண்டையோ சுடும் சொட்கனுக்கும், குழலின் வாய்வழியே வெடிமருந்திடும் துவக்குக்கும், வில்லுக்கும் மட்டுமே அனுமதி உண்டு. எஞ்சுவது வடக்கிலுள்ள மூஸ் என்ற பெரிய மான் ஒன்றுதான். அதற்கு அனுமதி கிடைக்கும் ஆண்டில் ஒரு நண்பருடைய றைபிளை இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே முதலில் வாங்க வேண்டியது முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் சொட்கன்தான், அதுவும் 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) என்பது என் கருத்து.

ஒரு துவக்கால் பல வேட்டை என்பது நமக்குப் புதிய எண்ணமுமல்ல. வன்னியில் என் பெரியப்பாவிடம் ஓர் இடியன் இருந்தது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை அடைத்து, கம்பியால் இடித்து, அதன்மேல் ஈயத்தைப் போடுவார். பன்றிக்குப் போகும் இரவில் பெரிய ஈயக்குண்டு. காட்டுக்கோழிக்குப் போகும் காலையில் பொடிச் சன்னம் ஒரு பிடி. துவக்கு மாறுவதில்லை, உள்ளே போவதுதான் மாறும். 1950இல் சந்தைக்கு வந்த ரெமிங்டன் 870, 1961இல் வந்த மொஸ்பேர்க் 500 ஆகிய இரண்டு பம்ப் சொட்கன்களும் செய்வதும் இதையேதான். ஒவ்வொன்றும் ஒரு கோடிக்கு மேல் விற்றிருப்பதற்கு அவற்றின் அழகு காரணமல்ல.

இந்தத் துவக்குகளில் மாற்றக்கூடியவை மூன்று: ரவை (தோட்டா), குழலின் நுனியில் திருகிப் பொருத்தும் சோக், குழலேதான். சோக் என்பது குழலின் வாயை மிகச் சிறிதளவு ஒடுக்கிச் சன்னங்கள் சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் சிறு குழாய். 40 யார் (கெஜம்) தூரத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை வரைந்து சுட்டால், முழு இறுக்கமுள்ள சோக் ஏறத்தாழ 70 வீதச் சன்னங்களையும், ‘இம்ப்ரூவ்ட் சிலிண்டர்’ எனப்படும் தளர்வான சோக் பாதியளவையும் அவ்வட்டத்துக்குள் இடும் என்பது பழைய கணக்கு. காலடியிலிருந்து எழும்பும் கிரவுஸுக்குத் தளர்வானதும், அசையாமல் நிற்கும் வான்கோழியின் தலைக்கும் கழுத்துக்கும் இறுக்கமானதும் ஏற்றவை.

வாத்துக்குப் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கனடா முழுவதும் 1999 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்துக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் உருக்குச் சன்னம் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஈயத்தில் 4ஆம் இலக்கம் போதுமான இடத்தில் உருக்கில் 2ஆம் இலக்கம் வேண்டும் (இலக்கம் குறையச் சன்னம் பெரிதாகும்). உருக்கு நசுங்காது என்பதால், நுனி நிரந்தரமாக முழு இறுக்கத்தில் அமைந்த பழைய குழலை அது பழுதாக்கக்கூடும். மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ ஒருவரின் பாட்டனாருடைய துவக்கை வாங்குகிறவர்கள் இதை முதலில் விசாரிக்கட்டும். நீர்ப்பறவைக்குத் துவக்கில் மொத்தம் மூன்று ரவைகளுக்கு மேல் ஏற்ற முடியாதபடி அடைப்பு இடப்பட்டிருக்கவும் வேண்டும்.

மானுக்குச் சன்னத்தை விட்டு ஒற்றைக் குண்டுக்குப் போகிறோம். சாதாரணக் குழலில் தளர்வான சோக்குடன் சுட்டால் 75 யார் வரையில் நான் அதை நம்புவேன், அதற்கு மேல் இல்லை. உள்ளே குண்டைச் சுழற்றும் புரி வெட்டிய இரண்டாவது குழலை வாங்கி மாட்டினால் அந்தத் தூரம் நன்றாகவே நீளும். குழலை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. வான்கோழிக்கான மிக இறுக்கமான சோக்கைக் கழற்ற மறந்து ஒற்றைக் குண்டை மட்டும் ஒருபோதும் ஏற்றிவிடக் கூடாது. குழல் வெடிக்கலாம்.

கட்டுரையாளர் ‘ஆற்றல் கூடியதையே வாங்குங்கள்’ என்றும் எழுதியிருந்தார். அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். மூன்றரை அங்குல நீளமான ரவை போகும் துவக்கு வாங்கினால் வாழ்நாளுக்கும் வேறொன்று தேவைப்படாது என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கினேன். இரண்டே முறை சுட்டுப் பார்த்தேன். தோள் நீலம் பாரித்தது. மே மாத முதல் வாரம், அறுவடையான சோள வயலின் ஓரத்தில், 35 யார் தூரத்தில், வாலை விசிறியாக விரித்துக்கொண்டு ஒரு சேவல் வான்கோழி வந்து நின்றது. சுட்டேன். அது கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, பறக்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மரங்களுக்குள் ஓடிப்போனது. மறுவாரம் பெரிய அட்டையொன்றைக் கட்டிச் சுட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: நான் குறிவைத்த புள்ளிக்கு ஓரடி கீழே சன்னங்கள் கூட்டமாகத் தைத்திருந்தன. துவக்கின் உதைக்கு அஞ்சி, விசையை இழுக்கும் கணத்தில் நானே குழலைத் தாழ்த்தியிருக்கிறேன். அந்தத் துவக்கை நட்டத்துக்கு விற்றுவிட்டு, மூன்று அங்குல ரவை வரை ஏற்கும் சாதாரண பம்ப் ஒன்றை வாங்கினேன். பெரும்பாலும் இரண்டேமுக்கால் அங்குல ரவைதான் போடுகிறேன். அதன் பின் வான்கோழி வீட்டுக்கு வந்திருக்கிறது.

உடல் மெலிந்தவர்களும், 12 போரின் உதையை விரும்பாதவர்களும் இலக்கம் கூடினாலும் குழல் ஒடுங்கிய 20 போரை எடுக்கலாம். மேலே சொன்ன அத்தனை வேட்டைக்கும் அது போதும், தூரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால். எதை வாங்கினாலும் குளிர்ச்சட்டை அணிந்த நிலையில் தோளில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கோடையில் கடையில் அளவாக இருந்த பிடி, கார்த்திகைக் குளிரில் சட்டையில் சிக்கும்.

புதிதாக வாங்குகிறவர் முதற் பருவத்துக்கு முன் ஒவ்வொரு சோக்குடனும் தாம் பயன்படுத்தப்போகும் ரவையையே அட்டையில் சுட்டு, தூரத்தையும் சன்ன இலக்கத்தையும் அட்டையின் மூலையில் எழுதி வைக்கட்டும். என் வாகனக் கொட்டகைச் சுவரில் அப்படிப் பதினோர் அட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு ஏப்ரலிலும் புறப்படுவதற்கு முதல்நாள் அவற்றைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்