கவர்னர் யாருக்குத் துணை?

புதுச்சேரி,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமா? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். என்மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும். கண் புரை ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மிஷன் வீதிப் போர்டுகளை இப்போது கண்ணாடி போடாமலே படிக்கிறேன். மூக்கனுக்கு மறுபடி சர்க்கரை ஏறிவிட்டது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மட்டும் விடமாட்டேன் என்கிறான். நீ போன் போட்டு நாலு வார்த்தை சொல். உன் பேச்சைத்தான் கேட்பான்.

விஷயம் பாப்பாவைப் பற்றியது. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். போன வாரம் மாதிரி நீதிமன்றப் போட்டி வைத்தார்கள். கொடுத்த வழக்கு நம்ம ஊர் வழக்கு! துணைநிலை ஆளுநர் பெரியவரா, ஓட்டு வாங்கி வந்த மந்திரிசபை பெரியதா என்பதுதான் கேள்வி. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குக் கவர்னர் பக்கம் விழுந்தது. வாதாடி ஜெயித்தும் விட்டாள். கோப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை.

சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள். "துணை, துணைங்கிறோமே தாத்தா, யாருக்குத் துணை? பெரிய கவர்னர்னு இங்க ஒருத்தரும் இல்லையே?"

உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷில் லெப்டினன்ட் கவர்னர் என்கிறார்களே, அந்த லெப்டினன்ட் பிரெஞ்சுச் சொல், லியு என்றால் இடம், தனான் என்றால் வைத்திருப்பவர் என்று நீ சொல்லிக் கொடுத்ததுதானே. உன் அப்பா தன் பட்டாளத்து லியுத்தனானைப் பற்றிச் சொல்வாரே, அந்தக் கழுதைக் கதை, அதையும் அவளுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சட்டென்று, "அப்போ டெல்லியில இருக்கிற குடியரசுத் தலைவரோட இடத்துல இங்க நிக்கிறவர். அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவுதான். நாம் 'துணை' போட்டு மொழிபெயர்த்ததில் அந்த அர்த்தம் மறைந்துபோயிற்று. நம் ஜனங்கள் அந்தத் துணையையும் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அவர் கவர்னர், பெண்ணாக இருந்தால் கவர்னரம்மா. சந்திராவதி, ராஜேந்திர குமாரி பாஜ்பாய், ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை என்று எத்தனை அம்மாக்களைப் பார்த்துவிட்டோம்!

முதலில் வந்தவர் சிலம். அதற்கு முன்பு பம்பாய்ப் பக்கம் சபாநாயகராக இருந்தவர். 1963 ஜூலை 1 அன்று நமக்குச் சட்டசபை வந்தது, குபேர் முதலமைச்சர் ஆனார். அந்த வருஷம் வந்த யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தில்தான் முடிச்சு இருக்கிறது. 44ஆம் பிரிவை பாப்பா வரி தவறாமல் ஒப்பிக்கிறாள். மந்திரிசபை ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் சொல்லும். கருத்து வேறுபாடு வந்தால் அவர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்புவார், அங்கே சொல்வதுதான் முடிவு. அவசரம் என்று அவருக்குத் தோன்றினால் பதில் வரும்வரை தானே நடவடிக்கையும் எடுக்கலாம். ஒரு மாநில கவர்னருக்கு இந்த வசதி கிடையாது. நம் பட்ஜெட்டுக்கே டெல்லியின் ஒப்புதல் வந்தாக வேண்டும்.

இதெல்லாம் உனக்குப் பாடம் மாதிரி இருக்கும். எனக்கு அப்படி இல்லையடா. முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு கோப்பை மட்டும் மறக்க முடியவில்லை. தினக்கூலிக்கு இருந்த பதினோரு பேரை நிரந்தரம் ஆக்கும் கோப்பு. நோட் ஷீட்டை நான்தான் எழுதினேன். மேலே போகும், "விவாதிக்கவும்" என்று ஒரே சொல்லோடு திரும்பி வரும். விளக்கம் எழுதி மறுபடி அனுப்புவேன். வேறொரு மேசையிலிருந்து வேறொரு கேள்வியோடு வரும். எந்த மேசை, எந்தத் துறை என்று எழுதமாட்டேன். இரண்டு வருஷத்தில் அட்டையின் மூலைகள் துணி மாதிரி நைந்துவிட்டன. டேக் கயிற்றை மூன்று தடவை மாற்றினேன். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல்படியில் நின்று, "சார், வந்துடுச்சா?" என்பார். உத்தரவு வந்த அன்று அவர் இல்லை. அவர் மனைவிதான் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். யாருடைய கையெழுத்து கடைசிக் கையெழுத்து என்று தெரியாத ஊரில் கோப்புக்கு ஏது அவசரம்?

அதனால்தான் கிரண் பேடி காலத்துச் சண்டையை நான் தனிப்பட்டவர்கள் சண்டையாகப் பார்க்கவில்லை. 2016 மே மாதம் வந்தார். வார இறுதியில் சைக்கிளில் கிளம்பி ஏரியையும் வாய்க்காலையும் பார்த்ததை மெச்சியவர்கள் நம் தெருவிலேயே நிறையப் பேர். இலவச அரிசியை அரிசியாகக் கொடுப்பதா, பணமாக வங்கியில் போடுவதா என்று இழுபறி. அப்புறம் ஹெல்மெட்டைக் கட்டாயம் ஆக்குவதில் தகராறு. 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கவர்னர் மாளிகை எதிரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி அங்கேயே படுத்தார். ஆறாம் நாள்தான் எழுந்தார். நாம் பட்டாணி தின்றபடி ஆயி மண்டபத்தைச் சுற்றி ஓடின பூங்கா அது. ஒரு பக்கம் சட்டசபை, ஒரு பக்கம் மாளிகை, நடுவில் போலீஸ் தடுப்பு. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் நம் ஊர்த் தெருவில் ஒரு வாசலைப் பார்த்தபடி காத்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் அவர் கட்சிக்காரன் இல்லை என்று உனக்கே தெரியும்.

அந்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்றார். மறு வருஷம் மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பாப்பா பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான். 2021 பிப்ரவரி 16 அன்று பேடி நீக்கப்பட்டார், 22 அன்று நாராயணசாமி ராஜினாமா செய்தார். ஒரே வாரத்தில் இரண்டு பேருமே போய்விட்டார்கள். 44ஆம் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

பாப்பாவின் வாதம் லேசானதில்லை. "மந்திரி தப்புப் பண்ணா யார் தாத்தா நிறுத்துறது? மனு கொடுக்கப் போனவங்களுக்கு அந்த வாசல்ல பதில் கிடைச்சுதே" என்கிறாள். கிடைத்தது, மறுக்கமாட்டேன். ஆனால் மந்திரி தப்புச் செய்தால் ஐந்து வருஷத்தில் நான் வீட்டுக்கு அனுப்புவேன். கவர்னரை நான் எப்படி அனுப்புவது? இதை அவளிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கோவாவைப் பார். போர்ச்சுகீசியரிடமிருந்து 1961 கடைசியில்தான் விடுபட்டது. நம்மோடு சேர்ந்து யூனியன் பிரதேசமாகச் சட்டசபை பெற்றது. 1987இல் மாநிலம் ஆகிவிட்டது. நம் சட்டசபையோ மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போடுகிறது. காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள், சொந்த வருமானம் போதாது, கடன் இருக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். காரணங்கள் உண்மைதான். அதற்காக அறுபது வருஷம் ஒரு ஊரைப் பரீட்சை எழுதவைக்க வேண்டுமா? 2019இல் ஜம்மு காஷ்மீரை மாநிலத்திலிருந்து இறக்கி, நமக்குச் சட்டசபைக்கு வழிவிட்ட அரசியலமைப்பின் 239ஏ பிரிவை அவர்களுக்கும் பொருத்தினார்கள். நாம் ஏறக் காத்திருந்த படியில் அவர்கள் இறங்கி வந்து நின்றார்கள். அன்று டிவி முன்னால் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நம் அப்பாக்கள் ஞாபகம் வந்துவிட்டது. 1954இல் கீழூரில் பிரான்சா, இந்தியாவா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டு 170 பேர் இந்தியா என்றார்கள். சட்டப்படி மாற்றம் ஆனது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். உன் அப்பா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. இரண்டு பேரும் உங்கள் வீட்டுத் திண்ணையில் விடிய விடியப் பேசியது உனக்கு நினைவிருக்கிறதா? நமக்கு ஏழு வயசு. "பாரிஸ்லேர்ந்து வர்ற கவர்னர் போயாச்சு. இனிமே நம்ம ஆளு நம்மள ஆள்வான்" என்று என் அப்பா சொன்னார். உன் அப்பா பதில் சொல்லாமல் சுருட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னதும் பாப்பா வாதாடுவதை நிறுத்திவிட்டாள். உன் அப்பா எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்க்க வேண்டுமாம். உன் இரும்புப் பெட்டியில் இருக்கும், தேடி ஒரு நகல் எடுத்து வை. தையில் வரும்போது மறக்காமல் கொண்டு வா. விமான டிக்கெட் போட்டதும் தேதி சொல், மூக்கனையும் கூட்டிக்கொண்டு நான் சென்னைக்கே வந்துவிடுகிறேன்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்