பேட்டரியை விற்கும் முன் மீட்டரை எடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கார்ப் பட்டறை உரிமையாளர்களுக்கும், பேட்டரிக் கடைக்காரர்களுக்கும், அலாரம், ரேடியோ பொருத்தித் தருபவர்களுக்கும்,

வணக்கம். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று நாகரிகமாகத் தொடங்கலாம், அது பொய்யாகிவிடும். குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலையில் கார் கிளம்பவில்லை என்று வருபவருக்கு உங்களில் பலர் செய்வது ஒன்றுதான். பேட்டரியில் சோதனைக் கருவியை வைக்கிறீர்கள், அது இறங்கிக் கிடக்கிறது, புதியதைப் பொருத்தி அனுப்பிவிடுகிறீர்கள். அது ஏன் இறங்கியது என்று கேட்பதில்லை. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் காருக்குள் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தால், புதிய பேட்டரியும் பழையது போன வழியிலேயே போகும். ஒழுகும் கூரையின் கீழே வாளியை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்துக் கார்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். புரோட்டோன் சாகா, புரோட்டோன் வீரா, பெரோடுவா கஞ்சில். கடைசி இரண்டின் உற்பத்தி 2009-லேயே நின்றுவிட்டது. நான்கைந்து கை மாறி வந்த கார்கள் இவை. ஒவ்வொரு கையும் ஓர் அலாரத்தையோ ஆம்ப்ளிஃபையரையோ கேமராவையோ சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது. தோட்டத்தில் வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் போதும். கார் கோவிலுக்கும், சாமான் வாங்கவும், ஈப்போ மருத்துவமனைக்கும்தான். நாள் கணக்கில் நிற்கும் காரில் சிறு கரண்ட் கசிவும் பெரிதாகிவிடும். தினமும் கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அதே கசிவு இருந்தாலும் தெரியவே தெரியாது. ஓட்டத்தில் பேட்டரி மீண்டும் ஏறிவிடும். நமக்கோ, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளின் விடியற்காலையில்தான் தெரிகிறது.

எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். காலையில் இட்லியும் நாசி லெமாக்கும் போட்டு விற்பவர். அடுத்தடுத்துப் பேட்டரி மாற்றியும் இரண்டு நாள் நின்றால் கார் கிளம்பாது. கரண்டை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: எல்லாம் அணைத்த நிலையில் 0.6 ஆம்பியர். இந்த வயதுக் காரில் கடிகாரமும் ரேடியோ நினைவகமும் அலாரமும் சேர்ந்து 0.05 ஆம்பியருக்குள் அடங்கிவிட வேண்டும். 0.6 என்றால், 24 மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 14 ஆம்பியர் மணிக்கு மேல் போகிறது. அவர் காரில் இருந்தது 45 ஆம்பியர் மணி பேட்டரி. வெள்ளி மாலை நிறுத்திய கார் ஞாயிறு மாலை எப்படிக் கிளம்பும்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எண் அசையவில்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கைவிட்டு, பேட்டரி சரியில்லை என்று முடித்துவிடுவார்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் அந்தச் சிறு ஃபியூஸ்கள் வழியாகப் போவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரை ஆல்டர்னேட்டரிலிருந்து எடுத்துத் துணி சுற்றி ஒதுக்கி, மறுபடியும் மீட்டரைச் சேர்த்தேன். 0.02. ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே பக்கம் மட்டும் விட வேண்டிய ஒரு டயோடு கெட்டு, ஓடாத நேரத்தில் கரண்டைப் பின்பக்கமாக விட்டுக்கொண்டிருந்தது. என்ஜின் ஓடும்போது சார்ஜ் 13.9 வோல்ட் காட்டியதால் ஆல்டர்னேட்டரின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. டயோடு தட்டை மாற்றுவதற்கு ஆன செலவு ஒரு பேட்டரியின் விலையில் பாதிகூட இல்லை.

மற்ற கசிவுகளைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது. டிக்கி மூடியும் அணையாத விளக்கு: 5 வாட் பல்புக்கே ஏறக்குறைய 0.4 ஆம்பியர். கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினால் தெரிந்துவிடும். ஒட்டிக்கொண்ட ரிலே சுவிட்ச், அணையாத டேஷ்கேம், மழைத் தண்ணீர் இறங்கிய அலாரப் பெட்டி, இவையெல்லாம் உரிய ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டரில் தெரியும். முறையும் உங்களுக்குத் தெரியாததல்ல: நெகட்டிவைக் கழற்றி, 10 ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகிய மீட்டரைப் பேட்டரி முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவில் சேர்க்க வேண்டும், கதவு ஓரத்துச் சுவிட்சை அழுத்திய நிலையில் வைத்து உள்விளக்கை அணைக்க வேண்டும், அலாரம் தூங்கும் வரை காத்திருக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் அங்கேயே போய்விடும். தெரிந்தும் செய்யாததற்குக் காரணம் நேரம் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அரை மணி நேரம் ஒரு காரின் முன் நின்றால் இரண்டு டயர் வேலை போய்விடும்.

அதனால்தான் கேட்கிறேன்: அந்த அரை மணிக்குக் காசு வாங்குங்கள். முப்பதோ நாற்பதோ வெள்ளி (ரிங்கிட்) என்று பலகையில் எழுதிப் போடுங்கள். குறை எங்கள் பக்கமும் உண்டு. கையில் ஒரு புதிய சாமான் இல்லாமல், "பார்த்ததற்கு" மட்டும் காசு கொடுக்க நம்மவர்களுக்கு மனம் வராது. டியூஷன் ஆசிரியரின் மண்டைக்குக் கட்டணம் கட்டுகிறவர், மெக்கானிக்கின் மண்டைக்குக் கட்டமாட்டேன் என்கிறார். பிறகு, உள்ளே இருந்த பேட்டரியைப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு இருநூறு, முந்நூறு வெள்ளியை மூச்சுவிடாமல் எடுத்து வைக்கிறார்.

பேட்டரியே கெட்டுப்போவதும் உண்டுதான். நம் ஊர் வெயிலில் அதன் ஆயுள் குறைவு. அதைப் பிரித்தறிவது எளிது. முழுதாக ஏற்றிச் சற்று ஓய்வுவிட்டால் 12.6 வோல்ட் இருக்கும். நெகட்டிவைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் அப்படியே நின்றால் பெரும்பாலும் குற்றம் காரில். 12 வோல்ட் பக்கம் விழுந்திருந்தால் குற்றம் பேட்டரியில். இதை வாடிக்கையாளரே வீட்டில் ஒரு மீட்டரும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரும் வைத்துச் செய்யலாம். அவருக்குச் சொல்லித்தாருங்கள், வியாபாரம் குறையாது, நம்பிக்கை கூடும்.

ரேடியோ பொருத்துபவர்களிடம் தனியாக ஒரு சொல். மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்துக்கு, சிவப்பு ஒயர் சாவி திறந்தால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. சாவியில்லாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுகிறீர்கள். கேட்டவருக்கு அதன் விளைவு தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை வைக்கலாம் என்பதும் ஊரில் பலருக்குத் தெரியாது. யாரையும் அங்கே இழுத்துச் செல்லும் எண்ணம் எனக்கில்லை. நூறு வெள்ளி விவகாரத்துக்காக ஒரே ஊர்க்காரர்கள் முகம் திருப்பிக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

என் கோரிக்கை சிறியது. பேட்டரி விற்கும் ரசீதில் விலையின் கீழே இன்னொரு வரி வேண்டும்: கார் அணைந்த நிலையில் எத்தனை ஆம்பியர் என்று. சீனத் தவுக்கேகளிடம் (முதலாளிகளிடம்) வேலை செய்யும் நம் பிள்ளைகள் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டட்டும். அந்த எண்ணை எழுதிக் கொடுக்கும் பட்டறை எது என்று தெரிந்தால், எங்கள் வரிசையில் யார் காருக்கு என்ன வந்தாலும் அங்கேயே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆலை வயர்மேன் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்