ஒரு டென்னிஸ் கோர்ட், காலையில் இரண்டு மணி நேரம்

மைதான நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் சார் சர்வீஸ் போடப் பந்தை மேலே தூக்கியிருந்தார். "பெருசு, இது கோச்சிங் நேரம், பத்து மணிக்கு மேல வாங்க" என்றார் உங்கள் ஆள். சார் ஒன்றும் பேசவில்லை. ரோமமெல்லாம் உதிர்ந்து மொட்டையாகிப்போன மூன்று பந்துகளையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, முழங்கால் பட்டையைக் கழற்றக்கூட உட்காராமல் வெளியே போய்விட்டார்.

சித்திரை மாதத்து மதுரையில் பத்து மணிக்கு அந்த கோர்ட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஷூவைத் தாண்டிச் சூடு காலில் ஏறுகிறது. இருபது வயதுப் பையனே இரண்டு கேம் ஆடிவிட்டு நிழலைத் தேடுகிறான். எழுபது வயதுக்காரரை அந்த நேரத்துக்கு வரச் சொல்வது, வராதே என்று சொல்வதுதான்.

முப்பத்தெட்டு வயதில் ராக்கெட் பிடித்தவர் அவர். மூத்தோர் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளுக்கு ஷோகேஸில் இடமில்லாமல், பாதி பீரோ மேல் இருக்கின்றன. மூத்தோர் டென்னிஸில் ஒவ்வொரு ஐந்து வயதுக்கும் ஒரு பிரிவு. எழுபது முடிகிற ஆண்டின் தொடக்கத்திலிருந்தே எழுபது பிரிவில் ஆடலாம். அந்த ஆண்டு அந்தப் பிரிவிலேயே இளையவர் நாம்தான். எதிரே நிற்பவருக்கு எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு இருக்கும். எழுபதைத் தாண்டினால் ஒவ்வொரு வயதும் கால்களில் தெரியும். சாருக்கு அந்த வருடம் இதுதான். ஐந்து வருடம் காத்திருந்து வந்த வருடம். அதில்தான் பயிற்சிக்கு இடமில்லை என்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது ஒரு கோர்ட், காலை ஆறு முதல் எட்டு வரை. பிள்ளைகளின் பயிற்சிக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு சார் கூடை கூடையாகப் பந்து போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று அவர்களையே கேளுங்கள்.

2024-இல் ரோகன் போபண்ணா 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்றபோது, வயது ஒரு தடையே இல்லை என்று நீங்களும்தான் மேடையில் பேசினீர்கள். அதே மைதானத்தில் முகூர்த்த நாள் வந்தால் மண்டபத்து வண்டிகள் கோர்ட் ஓரம் வரை நிற்கின்றன. அதற்கு இடம் இருக்கிறது. இந்த ஊரில் அறுபது தாண்டினால் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் போதும் என்று யார் முடிவு செய்தது? நடக்க மட்டுமா எங்களுக்குக் கால் இருக்கிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது மறுபடியும் அதேதான்: ஒரு கோர்ட், காலை ஆறு முதல் எட்டு வரை, வரும் திங்கட்கிழமையிலிருந்து. நல்ல கோர்ட் கூட வேண்டாம். யாரும் ஆடாத அந்தக் கடைசி கோர்ட்டைக் கொடுங்கள். அதன் வெடிப்புகளை எங்கள் செலவில் நாங்களே பூசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சாரோடு பதினோரு வருடமாக இரட்டையர் ஆடுகிறவன்